வேலிக்குச் சாட்சி

வக்கீல் பட்டியல் போட்டபோது
படகு, பழைய லாரி, பனி தள்ளும் எந்திரம்
எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது.
தாடி ஓணானுக்கு இல்லை.
"வீட்டுச் சாமான், இதர" என்று எழுதட்டுமா என்றார்.
கூடாது என்றோம், டேரலும் நானும்,
ஒரே குரலில்.
அன்று நாங்கள் ஒத்துப்போனது
அந்த ஒன்றில்தான்.

ஆகவே ஒரு வாரம் அவனுக்கு, ஒரு வாரம் எனக்கு.
ஞாயிறு நாலு மணி,
டுலூத்துக்கு வெளியே பெட்ரோல் பங்க்கில்
டயருக்குக் காற்றடிக்கும் மூலை.
மீன்பிடிக்கப் போகையில் பீர் வைக்கிற பெட்டிக்குள்
வெந்நீர்ப் பை, அதன்மேல் துண்டு,
துண்டின்மேல் ஓட்டிஸ்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
கையளவு பாலைவனத்தை
கார் விட்டுக் கார் மாற்றினோம்.
"கீரை தின்றானா?"
"பொடியாய் நறுக்கிப் போட்டால் தின்கிறான்."
"வெளிக்குப் போனானா?"
"செவ்வாய்க்கிழமை."
பதினேழு வருடத்தில் என் உடம்பைப் பற்றி
அவன் இத்தனை கேட்டதில்லை.
நானும் அவனைக் கேட்டதில்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

வளர்ப்பது பெரிய வித்தை இல்லை.
தொட்டியில் வெயிலுக்கு ஒரு மூலை, நிழலுக்கு ஒரு மூலை.
சில்வண்டுகளைக் கால்சியம் தூளில் குலுக்கி
இடுக்கியில் நீட்ட வேண்டும்.
தப்பித்த ஒன்று ஃப்ரிட்ஜுக்கு அடியில்
மூன்று இரவு கத்தும். பழகிவிடும்.
ஏமாற்றுவது அந்த நீள விளக்குதான்.
ஆறேழு மாதத்தில் அதன் சத்து தீர்ந்துபோகும்,
வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.
கண்ணுக்குத் தெரியாது,
எலும்புக்குத்தான் தெரியும்.
விளக்கைத்தான் சொல்கிறேன்.

மறு குளிர்காலம், என் வாரத்தில்,
தட்டில் போட்டது போட்டபடி கிடந்தது.
மரப்பொந்துக்குள் நுழைந்து
சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
செத்தான் என்றே நினைத்து
கையுறைகூட மாட்டாமல் காரை எடுத்தேன்.
டாக்டர் நியூபெர்க் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்,
கழிவைச் சோதித்தாள், சிரித்தாள்.
"தூங்குகிறான்.
ஆஸ்திரேலியாவில் இவன் பாட்டன் பூட்டன்
குளிருக்குத் தூங்கிய தூக்கம்.
எழுப்பாதே. பெட்டியில் வைத்து அலைக்கழிக்காதே.
வாரம் ஒருமுறை எடை மட்டும் பார்."

டேரலுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"அப்படியானால் நான் வரட்டுமா,
எடை பார்க்க?"

வந்தான். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினான்,
ஒருநாளும் கழற்றாதவன்.
மாவு நிறுக்கும் தராசில்
காலி டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கி
ஓட்டிஸை உள்ளே இறக்கினோம்.
நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
ஒரு கண் பாதி திறந்தது,
எங்களைப் பார்த்தது, மூடிக்கொண்டது.
வேலிக்கு ஓணான் சாட்சி,
ஓணானுக்கு வேலி சாட்சி.

அடுத்த ஞாயிறு நானூற்றுப் பத்து.
அதற்கடுத்தது நானூற்று ஒன்பது.
அவன் தூக்கம் கலையாதிருக்க
கிசுகிசுவென்றே பேசினோம்,
பக்கத்து வீட்டார் போலீஸை அழைக்கும்வரை
கத்திய அதே இருவர்.
ஒரு ஞாயிறு சூப் மிச்சமிருந்தது, குடித்தான்.
இன்னொரு ஞாயிறு குழாய் சொட்டுவது காதில் விழ
ஸ்பேனர் எங்கே என்றான்.
வேலியில் போனதை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு
பிறகு குத்துது குடையுது என்னாதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
மடியில் ஒன்றும் விடவில்லை.
சூப்தான்.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை
வேலை முடிந்து வந்து பார்த்தால்
விளக்கடியில், கல்லின்மேல் ஓட்டிஸ்.
வாயைப் பிளந்து, வயிற்றைத் தட்டையாய் விரித்து,
தாடி கறுத்து,
தூங்கிய நேரத்தில் யாரோ
தன் நிலத்தை எழுதி வாங்கிவிட்டது போல.
மூக்கில் ஒரு சொட்டு நீர் விட்டேன், நக்கினான்.
கறுப்பு மெல்ல வடிந்தது.
பிறகு ஒரு கையைத் தூக்கி
காற்றில் நிதானமாய் வட்டம் போட்டான்.
வணக்கம் இல்லை அது.
நான் சின்னவன், என்னோடு சண்டை வேண்டாம்
என்பதற்கான சைகையாம்.

போனை எடுத்தேன்.
அலமாரி மேல்தட்டில் பீர்ப்பெட்டி,
அதன்மேல் காற்றுப்போன வெந்நீர்ப் பை.
இது யாருடைய வாரம் என்று
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்,
பாதியில் விட்டுவிட்டேன்.

ஞாயிறு நாலு மணிக்குத்தான் சொன்னேன்,
அவன் வந்து
பூட்ஸைக் கழற்றிய பிறகு.